ஸ்ஸ்ஸ் வாரம்

காலடிப்பேட்டை சித்தியின் மாம்பழக் கலர் பட்டுப்புடவை டிரை வாஷுக்குப் போயிருக்கிறது. பில்லை யார் கட்டுவது என்ற பஞ்சாயத்து இன்னும் ஓடுகிறது. சித்தி என்னைக் கை காட்டுகிறாள், நான் எல்.கே.ஜி. படிக்கும் என் பெரியவளுடைய மிஸ்ஸைக் கை காட்டுகிறேன், இவர் வழக்கம்போல பேப்பருக்குப் பின்னால் இருக்கிறார்.

எல்லாம் இந்த ஃபோனிக்ஸால், அதாவது எழுத்தைச் சத்தத்தை வைத்துச் சொல்லித்தரும் முறையால் வந்தது. எல்.கே.ஜி.யில் இப்போதெல்லாம் ஏ ஃபார் ஆப்பிள் கிடையாதாம். ஜூன் மாதமே பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் உட்காரவைத்து வகுப்பெடுத்தார்கள். இவர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது, அது தனிக் கதை. எழுத்தின் பேரைச் சொல்லாதீர்கள், சத்தத்தை மட்டும் சொல்லுங்கள் என்றார் மிஸ். 'எஸ்' இல்லை, 'ஸ்ஸ்ஸ்'. 'எம்' இல்லை, 'ம்ம்ம்'. முக்கியமாக, பின்னால் ஒரு 'அ'வை ஒட்டிவிடக் கூடாது. 'ப' என்று பழக்கினால் பிள்ளை 'ப-இ-ன' என்று கூட்டிக்கொண்டே இருக்கும், 'பின்' வரவே வராது. வெறும் 'ப்' போதும்.

இதைச் சித்தியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அது புள்ளி வெச்ச எழுத்து தானடி? மெய்யெழுத்து. அஞ்சாங்கிளாஸோட நின்ன எனக்கே தெரியுது. இதுக்கா இவ்ளோ துட்டு கட்டுறீங்க?"

வரிசையும் ஏ, பி, சி இல்லை. எஸ், ஏ, டி (T), ஐ, பி (P), என் என்று போகிறது. அதில் நியாயம் இருக்கிறது. ஏ, பி, சி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு 'கேப்' (cab) தவிர உருப்படியாக என்ன எழுத முடியும்? இந்த ஆறு எழுத்து வந்துவிட்டால் சாட், பின், டின், டிப், நாப் என்று பிள்ளை படிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சரும் அ, ஆவை விட்டுவிட்டு ட, ப, ம என்று மூன்று எழுத்தைக் காட்டி 'படம்' என்று படிக்கவைத்தார். எதிர்வீட்டுப் பையன் போகும் மாநகராட்சிப் பள்ளியில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பாட்டும் அட்டையுமாகத்தான் நடத்துகிறார்கள். அவன் தெருவில் இருக்கிற சுவரெழுத்து ஒன்றுவிடாமல் படிக்கிறான். அரசியல் சுவர் உட்பட. ஃபீஸ் ஒரு பைசா கிடையாது. சரி, அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு பிபி ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் நிச்சயதார்த்தம். வடசென்னையில் எங்கள் ஏரியாவான டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினோம். சித்தி மடியில் குட்டிப்பையன். ஏறுவதற்கு முன்னாலேயே, "இந்த வெயில்ல டயப்பர் போட்டா புள்ளைக்குத் தொடையெல்லாம் புண்ணாயிடும்" என்று சித்தியே அதைக் கழற்றி என் பையில் திணித்திருந்தாள். இதை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, அவன் பிறந்ததிலிருந்து அவனைக் காலில் உட்காரவைத்து 'ஸ்ஸ்ஸ்' சொல்லி ஒண்ணுக்குப் போகப் பழக்கியதும் இதே சித்திதான். அந்தச் சத்தம் கேட்டால் போதும், திறந்துவிட்ட குழாய்தான்.

பெரியவளுக்கு அது 'எஸ்' வாரம். பார்க்கிற பொருளில் எல்லாம் அந்தச் சத்தத்தைத் தேடச் சொல்லி டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். டி.எச். ரோடு முழுக்க அவளுக்கு 'எஸ்'தான். ஸ்கூட்டருக்கு ஒரு ஸ்ஸ்ஸ், சோடாவுக்கு ஒரு ஸ்ஸ்ஸ், சிக்னலுக்கு ஒரு நீளமான ஸ்ஸ்ஸ்ஸ். தியேட்டரை மூடினாலும் ஸ்டாப்பிங் பேர் இன்னும் அகஸ்தியாதானே, டிரைவர் "அகஸ்தியா எறங்கு" என்று குரல் கொடுக்க, அதற்குள்ளும் ஒரு 'ஸ்' இருப்பதை இவள் கண்டுபிடித்துவிட்டாள். தம்பி காதருகே குனிந்து பாடம் நடத்தினாள்.

அவ்வளவுதான். முதலில் சித்தியின் முகம் மாறியது. அப்புறம் மாம்பழக் கலர், கொசுவத்திலிருந்து ஜரிகை வரைக்கும், மெல்ல மெல்லப் பலாச்சுளைக் கலருக்கு மாறியது.

"இன்னா எழவுடி சொல்லித் தர்றாங்க உம் பள்ளிக்கூடத்துல!"

எதிர் சீட்டில் காலிக் கூடையோடு இருந்த மீன்காரம்மா சிரித்த சிரிப்பில் ஆட்டோ குலுங்கியது. "புள்ள பேஞ்சா பன்னீரும்மா. நாங்க நாள் பூரா ஐஸ் தண்ணியிலதான் நிக்கிறோம், செத்தா போய்ட்டோம்?" டிரைவருக்கு வேறு கவலை. "சீட்டுல ஊத்தலையேம்மா?" என்று நாலு தரம் கேட்டார். பெரியவள் மட்டும் குழப்பமே இல்லாமல், "தம்பிக்கு ஸ்ஸ்ஸ் தெரிஞ்சிடுச்சும்மா" என்றாள்.

நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டாரிடம் இரவல் வாங்கிய ஊதாப் புடவையில் சித்தி முழு நேரமும் மூலையில் உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் பேசவில்லை, வடைகூட ஒன்றுதான் சாப்பிட்டாள்.

திரும்பும்போது மெட்ரோ. வண்ணாரப்பேட்டையில் ஏறினோம். சித்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள், வெளியே சுரங்கம்தான், ஒரு மண்ணும் தெரியாது. பெரியவள் பக்கத்தில் போய் அவள் கையை இழுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

"சின்ன ஆயா, ஸ்ஸ்ஸ் சொன்னா சும்மா இருக்குது பாரு. இப்போ, ம்ம்ம்."

சித்தி கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் தொண்டையில் வைத்து, "ம்ம்ம்" என்றாள். "அட, ஆமாண்டி, அதிருது!"

அப்புறம் நிற்கவேயில்லை. 'ப்'புக்கு வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக் காற்று அடிக்கிறதா பார்த்தார்கள். 'ல்'லுக்கு நாக்கு எங்கே போகிறது என்று ஒருத்தி வாயை ஒருத்தி திறந்து பார்த்தார்கள். 'ழ்'வில் வண்டி நின்றுவிட்டது. சித்திக்கு வாழைப்பழம் வாழ்நாள் முழுக்க வாயப்பயம்தான். ரெண்டு மூணு தரம் முயன்றுவிட்டு, "எனக்கு வர்றது அவ்ளோதான், போடி" என்று முறுக்கிக்கொண்டாள்.

"உடனே வராதாம் ஆயா. மிஸ் சொன்னாங்க. வரலைன்னா திட்டக் கூடாதாம்."

"உங்க மிஸ்ஸு பரவால்ல. எங்க வாத்தியாரு இந்நேரத்துக்குக் காதைப் பிச்சி கையில குடுத்திருப்பாரு" என்றாள் சித்தி. "எங்க, நாக்கை இன்னொரு தபா காட்டு."

அதற்குள் டோல்கேட் வந்துவிட்டது. சித்திக்கு இன்னும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, நானும் கூடவே போவேன் என்று பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலற, தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்கினோம்.