கை தேர்ந்தவன் போடும் காயம்

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பழகுகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது ஆழத்தைத்தான். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் ஈரமாய், மெல்லியதாய் ஒரு படலம் இருக்கிறது. வெட்டிய இடத்தில் புதுப்பட்டை பிடிப்பது அதனால்தான். கத்தி அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இப்புறமே நின்றுவிட வேண்டும். ஆனால் பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பதும் அந்தப் படலத்தை ஒட்டித்தான். கொஞ்சம் ஆழமாகப் போனால் சிரட்டையில் பால் கூடும். இன்னும் கொஞ்சம் போனால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வருடங்கள் கழித்து அந்தப் பக்கத்தை மறுபடி வெட்ட வரும்போது கத்தி ஓடாது.

பழகுகிறவனும் காயம் போடுவான். ஆனால் அவன் பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், அன்றைக்கே திட்டு விழும். கை தேர்ந்தவன் இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனியாக இருநூறு, முந்நூறு மரம் வெட்டுகிறான். அவன் வெட்டை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அவர்களில் பலரும் ஞாயிற்றுக்கிழமை உட்காருகிற சபைகளில் மட்டும் இந்தப் பாடம் எப்படியோ மறந்துபோகிறது. புதிதாய் வந்தவனைத்தான் கண்காணிக்கிறோம். இருபது வருடம் முன்வரிசையில் இருக்கிறவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

சபை ஊழியத்தில் விழுகைகளைப் பார்த்தால், ஆள் பலவீனமாக இருந்த இடத்தில் விழுந்தவை குறைவு. கோபக்காரனுக்குத் தன் கோபம் தெரியும், அதற்குப் பயந்து நடப்பான். சாந்தகுணமுள்ளவர் என்று வேதமே சொல்லும் மோசே, கன்மலையண்டை பொறுமை இழந்து கோலை ஓங்கினார். ஞானத்துக்குப் பெயர்போன சாலொமோன் ஞானமில்லாத காரியத்தில் முடிந்தார். இயேசுவை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவின் கதையும் இதுதான். அதைக் கோழையின் கதை போலப் பிரசங்கிக்கிறவர்களைக் கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும். கெத்செமனேயில் ஆயுதக் கூட்டத்துக்கு எதிரே வாளை உருவியவர் அவர். மற்றவர்கள் ஓடியபின்னும் பிரதான ஆசாரியன் வீடுவரை பின்னால் போனவரும் அவர். தைரியம்தான் அவர் சொத்து. விழுந்ததும் அதில்தான்.

எப்படி விழுந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். வாளுக்கு எதிரே நிற்கத் தயாராக இருந்தவர், வாசல் காக்கிற வேலைக்காரி கேட்ட ஒரு கேள்விக்குத் தயாராக இல்லை. பெரிய சோதனைக்கு மனசைக் கட்டி வைத்திருக்கிறவனை அற்பச் சோதனை வந்து தட்டிவிட்டுப் போகும். மூன்றாவது முறை கேட்டவன் யாரென்று யோவான் மட்டும் குறித்து வைத்திருக்கிறார்: பேதுரு காதற வெட்டினவனுக்கு இனத்தான். முன்னிரவில் வீரமாய்ச் செய்த காரியமே பின்னிரவில் அடையாளம் காட்ட வந்து நின்றது. மத்தேயு எழுதுகிற இன்னொரு விவரம் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். பேச்சை வைத்துக் கலிலேயன் என்று கண்டுபிடித்தார்கள். சென்னையில் நம்மவர் ஒருவர் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் "நாகர்கோவிலா?" என்று கேட்பார்களே, அதுதான். என்ன மறைத்தாலும் நாக்கு மறைக்காது.

அன்றிரவு அவர் உடம்பு எந்த நிலையில் இருந்தது என்பதும் முக்கியம். பஸ்கா விருந்து முடிந்த நேரம், குளிர், தூக்கக் கலக்கம். "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்ற வசனத்தை நாம் எதெதற்கோ எடுத்துப் பேசுகிறோம். அது சொல்லப்பட்டது, விழித்திருக்கச் சொன்ன இடத்தில் தூங்கிப்போனவர்களிடம். களைப்பைப் பற்றிய வசனம் அது. இதில் நடைமுறைக்கு ஒரு பாடம் இருக்கிறது. நாலு நாள் கன்வென்ஷன் முடிந்து பந்தல் பிரிக்கிற இரவு, உபவாசத்தின் மூன்றாம் நாள் சாயங்காலம், துக்கவீட்டில் இரண்டு ராத்திரி விழித்த பிறகு வருகிற மாலை. சண்டையும் சபலமும் தவறான முடிவும் வருவது இப்படிப்பட்ட நேரங்களில். அந்த நேரங்களில் கமிட்டி கூட்டக்கூடாது, யாருக்கும் பதில் கடிதம் எழுதக்கூடாது, தனியாக வீடு சந்திக்கப் போகக்கூடாது. சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டும். எலியாவுக்குக் கர்த்தருடைய தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான், அறிவுரை இல்லை.

பேதுரு தண்ணீரின் மேல் நடந்த சம்பவத்திலும் இதே குணம்தான். கலிலேயாக் கடல் என்பது 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஏரி. கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவில் கிடக்கிறது. மலை இடைவெளிகளின் வழியாகக் காற்று திடீரென்று இறங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேதுருவுக்கு அந்தக் காற்று பிறந்ததிலிருந்தே பழக்கம், நீந்தவும் தெரியும். தெரியாத இடத்தில் அவர் மூழ்கவில்லை.

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். ஊழியத்தில் அதிக கவனம் கேட்கிற காரியம் குடி. வெள்ளிக்கிழமை இரவு பந்தலில் கையை உயர்த்தி, "இனி தொடமாட்டேன்" என்று ஒருவர் கண்ணீரோடு நிற்கிறார். அந்தக் கண்ணீர் உண்மையானது, சந்தேகம் வேண்டாம். ஆனால் அவர் பல வருடமாய்த் தினமும் குடித்தவர் என்றால் அவர் உடம்புக்கு அந்தத் தீர்மானம் தெரியாது. சனிக்கிழமை காலையிலேயே கை நடுக்கம், வியர்வை, ஓங்கரிப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து மூன்று, நான்காம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், மனைவியை அடையாளம் தெரியாது, எழுந்து ஓடப் பார்ப்பார்கள். இதைப் பார்த்து "பேய் ஆடுது" என்று சொல்லிக் கதவைப் பூட்டி, எண்ணெய் பூசி ஜெபிக்கிறவர்கள் உண்டு. ஜெபிக்கட்டும், ஆனால் ஆட்டோவில் போய்க்கொண்டே ஜெபிக்கட்டும். இது உயிரைக் கொண்டுபோகிற நிலை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ உடனே கொண்டுபோக வேண்டும். இன்னும் நல்லது, தீர்மானம் எடுத்த மறுநாள் காலையிலேயே டாக்டரைப் பார்ப்பது. நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, மெதுவாகக் குறைத்து நிறுத்துவார்கள்.

அந்த வாரம் தப்பிவிட்டால் அடுத்த ஆபத்து மைக். மூன்றாம் ஞாயிறே அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது நம் சபைகளின் கெட்ட பழக்கம். கைதட்டும் அல்லேலூயாவும் அவருக்கு ஒரு புதுப் பெயரைக் கொடுத்துவிடுகின்றன. அதற்குப் பிறகு ஒரு நாள் தவறினால் யாரிடம் போய்ச் சொல்வார்? ஒளிக்கத்தான் செய்வார், ஒளிக்க ஒளிக்க மறுபடி குடிப்பார். ஒரு வருடம் முடியாமல் மைக் கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி. முதல் மூன்று மாதத்துக்கு அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்: சனிக்கிழமை கூலி கிடைக்கிற நேரத்தில் அவரோடு நடந்து வீட்டுக்கு வருகிறவர், கடை இருக்கிற ரோட்டை விட்டு வேறு வழி பிடிக்கிறவர். கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவு, அடக்கம் முடிந்து ஆண்கள் கூடுகிற மாலை, கோயில் திருவிழா, கையில் மொத்தமாய்ப் பணம் வருகிற நாள், இவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். குடியை விட்டவர்கள் கூடுகிற ஏ.ஏ. குழுக்களில், விட்டுப் பத்து வருடம் ஆனவரும் "நான் ஒரு குடிநோயாளி" என்று நிகழ்காலத்தில்தான் தன்னைச் சொல்லிக்கொள்வார். நம் சாட்சிகளில் எல்லாமே இறந்தகாலம். அவர்கள் இலக்கணம், "பிரதான பாவி நான்" என்று நிகழ்காலத்தில் எழுதின பவுலுக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

மருந்து விஷயத்தில் வருகிற மிதப்பு வேறு ரகம். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். மாத்திரை தொடங்கிச் சில வாரத்திலேயே இருமல் குறையும், பசி எடுக்கும், உடம்பு தேறும். அப்போதுதான் "கர்த்தர் சுகம் தந்துவிட்டார்" என்று மாத்திரையை நிறுத்துவார்கள். கிருமி செத்திருக்காது. திரும்பி வரும்போது பழைய மருந்துக்கு அடங்காமல் வரலாம், வீட்டில் குழந்தைகளுக்கும் ஒட்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விளைவு சில நாளிலேயே தெரிந்துவிடலாம். நிற்காத வலிப்பு வந்து ஆளே போய்விடலாம். சுகம் கிடைத்தது என்று நம்புகிறவர் அதைப் பரிசோதனையில் காட்டட்டும். குஷ்டரோகியை ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்னவர் இயேசுதான்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு சரித்திரமே இருக்கிறது. லண்டன் மிஷன் 1838ல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது. அன்றிலிருந்து இங்கே ஜெபமும் மருந்தும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்து வந்திருக்கின்றன. அந்த ஆஸ்பத்திரியில் பல வருடம் அறுவை சிகிச்சை செய்த சாமர்வெல் எவரெஸ்ட் ஏறியவர் என்பது பலருக்கும் தெரியும். 1922 ஜூன் 7 அன்று, புதுப்பனி விழுந்த சரிவில் மூன்றாவது முயற்சிக்குக் கிளம்பிய கூட்டத்தில் அவரும் இருந்தார். பனி சரிந்து சுமை தூக்கிய ஏழு பேர் செத்தார்கள், வெள்ளைக்காரர்கள் தப்பினார்கள். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றி வந்தபோதுதான் நெய்யூரைப் பார்த்தார், இங்கே வேலை செய்ய முடிவெடுத்தார். 1924ல் மறுபடி போனார். ஏறக்குறைய 28,000 அடியில், ஆக்சிஜன் குப்பி இல்லாமல், தொண்டை அடைத்துக்கொண்டது. உச்சி கண்ணுக்கு எதிரே இருக்க, இனி முடியாது என்று நின்றுவிட்டார். உச்சியைத் தொட்டவர்களைப் பற்றித்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். நின்றுவிடத் தெரிந்த ஒருவர் நெய்யூரில் இருந்தார் என்பதை ஞாயிறு பள்ளியிலாவது சொல்லலாம்.

பணத்துக்கு வருவோம், சுருக்கமாய்ச் சொன்னால் போதும் என்கிற இடம் இல்லை இது. சபைக் கணக்கில் கை வைக்கிறவர் திருடனாய் வந்து சேர்ந்தவர் இல்லை. "எனக்க கணக்கில ஒரு பைசா குறையாது" என்று சொல்லக்கூடியவர், அதுவும் உண்மையாகச் சொல்லக்கூடியவர். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாய் வந்த பொருள்களின் ஏலம் இரவு ஒன்பது மணிக்கு முடிகிறது. வாழைக்குலை, சேவல், பலாச்சக்கை, முதல் ஈத்துக் கிடா, எல்லாம் விலை பேசி முடிந்தாயிற்று. பாதி ரொக்கம், பாதி கடன். எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். "அண்ணன் பாத்துக்கிடுவாரு" என்று பை அவர் கைக்குப் போகிறது. திங்கள்கிழமை பாங்கில் கூட்டம். செவ்வாய்க்கிழமை மகளுக்கு ஃபீஸ் கட்டக் கடைசி நாள். பையிலிருந்து எடுக்கிறார், வெள்ளிக்கிழமை வைத்துவிடுகிறார். வைத்துவிட்டார் என்பதுதான் ஆபத்து. ஒருதரம் எடுத்து வைத்தவருக்குத் தன் நேர்மைமேல் நம்பிக்கை கூடிப்போகிறது. மூன்றாவது தரம் தொகை பெரிது, வெள்ளிக்கிழமையும் தள்ளிப்போகிறது.

இதைத் தடுக்கப் பெரிய ஞானம் வேண்டாம். ஒரே குடும்பமில்லாத மூன்று பேர், ஆலயத்திலேயே, அன்றைக்கே எண்ண வேண்டும். ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று நோட்டுவாரியாக எழுதி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். நகல் ஒன்று ஆயரிடம். ஏலக் கடன்காரர் பட்டியல் தனித்தாளில், மறு ஞாயிறு வாசிக்கப்பட வேண்டும். பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவி இரண்டு வீட்டில். அடுத்த வேலைநாளில் பாங்கில் போய்ச் சேர வேண்டும். காணிக்கையாய் வந்த பணத்தில் செலவு செய்துவிட்டு மீதியைக் கட்டுவது கூடாது. வரவு முழுசாய் உள்ளே போக வேண்டும், செலவு வவுச்சரோடு வெளியே வர வேண்டும். இதைச் சொன்னால் நல்ல மனுஷர்கள்தான் கோபப்படுவார்கள்: "எங்களை நம்பலையா?" நம்புவதால்தான் இந்த ஏற்பாடு. அவர் பேரைக் காப்பாற்றுகிற வேலி அது. எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது பவுலே தன்னோடு வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்.

பொருத்தனை, அதாவது இவ்வளவு கொடுப்பேன் என்று கர்த்தருக்கு நேர்ந்துகொள்வது பற்றியும் இரண்டு வார்த்தை. பால் நன்றாக விழுகிற மாதங்களில் நடக்கிற கன்வென்ஷனில் மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கிறது, வெட்டு இல்லை. ஜூனில் மழை. அட்டையில் எழுதின தொகை அப்படியே நிற்கும், ஆள் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார். வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறவர்களும் உண்டு. வருடத்தின் மெலிந்த மாதத்தை நினைத்து எழுதச் சொல்வது போதகரின் கடமை.

எல்லா வேலியும் போட்ட பிறகும் விழுவார்கள். விழுந்தவரை என்ன செய்வது என்பதில்தான் சபைகள் தடுமாறுகின்றன. ஒன்று, மூடி மறைத்து அடுத்த மாதமே பழைய இடத்தில் வைக்கிறார்கள். இல்லையென்றால் முகத்தில் முழிக்காமல் தள்ளிவிடுகிறார்கள். யோவான் கரிநெருப்பை இரண்டு இடத்தில் சொல்கிறார்: பேதுரு மறுதலித்த முற்றத்தில் ஒன்று, உயிர்த்தெழுந்தவர் மீன் சுட்டு வைத்திருந்த கரையில் ஒன்று. அதே மணம், அங்கே போலவே இங்கேயும் மூன்று கேள்வி. "இவர்களிலும் அதிகமாய்" அன்பாயிருக்கிறாயா என்று கேட்டபோது, எல்லாரும் இடறினாலும் நான் இடறேன் என்று முன்பு மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டவர் இந்தத் தடவை ஒப்பிடவில்லை. நேசிக்கிறதை நீர் அறிவீர் என்பதோடு நிறுத்திக்கொண்டார். சாப்பாடு முடிந்த பிறகுதான் அந்தக் கேள்விகள் வந்தன என்பதையும் கவனிக்கலாம்.

ஆகவே பணத்தில் தவறினவர் திரும்பி வரும்போது, எடுத்ததை எந்தெந்த மாதத்தில் எவ்வளவு திருப்புவார் என்று எழுதி வாங்க வேண்டும். சாவி கொடுக்க வேண்டாம், இந்த வருடமும் வேண்டாம், அடுத்த வருடமும் வேண்டாம். பாவமன்னிப்பு வேறு, பெட்டிச் சாவி வேறு. ஆனால் வேலை கொடுக்க வேண்டும், நாலு பேர் பார்க்கிற வேலை. சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற அசனத்தன்று முதல் பந்திக்குச் சோறு விளம்புகிற வாளியை அவர் கையில் கொடுக்கலாம்.