சுடுமண் நகை செய்முறைத் தேர்வு: ஜிமிக்கி ஜோடி சேர வேண்டுமானால்

சுடுமண் நகைத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கடைசி வாரம் முழுக்க பெயின்ட் அடித்துப் பழகுகிறார்கள். மதிப்பெண் போவதோ வேறு இடத்தில்: ஜோடி சேராத ஜிமிக்கி, வெடிப்பு விட்ட டாலர், கம்பி நுழையாத துளை. இவை எல்லாம் மண் ஈரமாக இருக்கும்போதே முடிவாகிவிடுகின்றன.

மானாமதுரைப் பக்கத்துக் கண்மாய் மண் கடத்துக்கும் பானைக்கும் பேர்போனது. நகைக்கு அதை அப்படியே எடுக்கக் கூடாது. தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, பிசையும் பதம் வரும்வரை ஆற விடுங்கள். பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த நைஸ் மணல். மணல் சுருக்கத்தைக் குறைக்கும், நீராவி வெளியேற வழிவிடும். வாய்மொழித் தேர்வில் இந்தக் காரணத்தைக் கேட்டால் தயங்காமல் சொல்லத் தெரிய வேண்டும்.

அடுத்தது சுருக்கக் கணக்கு. மண் பட்டை ஒன்றில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, காயவைத்துச் சுட்டு அளந்து பாருங்கள். 9.1 செ.மீ. இருந்தால் சுருக்கம் 9 சதவீதம். சுட்ட பிறகு 30 மி.மீ. டாலர் வேண்டுமென்றால் 30-ஐ 0.91-ஆல் வகுத்து, 33 மி.மீ. அளவில் வெட்ட வேண்டும். துளையும் சேர்ந்தே சுருங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 0.8 மி.மீ. கம்பிக்கு 1.5 மி.மீ. துளை போட்டால் கவலையில்லை.

ஜிமிக்கிக்குக் கண் அளவை நம்பவே நம்பாதீர்கள். சின்ன டிஜிட்டல் தராசில் இரண்டு உருண்டைகளையும் 6 கிராம் வீதம் நிறுத்து எடுங்கள். கோலிக்குண்டில் சாம்பல் தடவி, அதன்மேல் மண்ணை 2 முதல் 3 மி.மீ. கனத்துக்குப் பரப்பி, தோல் பதம் (தோல்போல விறைத்து, கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும் நிலை) வந்ததும் கழற்றுங்கள். முழுக்கக் காயும்வரை விட்டால் மண் சுருங்கிக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிளந்துவிடும்.

மதுரை வெயிலுக்குத் தனி எச்சரிக்கை தேவை. அக்னி நட்சத்திர நாட்களில் வெளியே வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து இழுக்கும், நடு ஈரமாகவே நிற்கும், இடையில் கீறல் விழும். முதல் நாள் செய்தித்தாள் போர்த்தி நிழலில் வையுங்கள்; பிறகு திறந்து மூன்று நாள். கார்த்திகை மழையில் ஒரு வாரம்கூட ஆகும். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதைச் சூளையில் ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி உருப்படியை உடைத்துக்கொண்டு வெளியேறும்.

மின்சூளையில் 100 டிகிரியை ஒட்டி இரண்டு மணி நேரம் நிறுத்தி, 600 வரை மெதுவாக ஏற்றுங்கள். 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆகவே சூட்டோடு சூளையைத் திறக்காதீர்கள். உமியும் வரட்டியும் வைத்துச் சுடுகிறவர்கள் மறுநாள் காலையில் பிரிப்பதே நல்லது. சுட்டதைத் தரையில் லேசாகத் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும். டொக்கென்றால் எங்கோ கீறல் இருக்கிறது.

அக்ரிலிக் பெயின்ட், வார்னிஷ் எல்லாம் சுட்டு ஆறிய பிறகுதான். கோக்கும்போது வளையத்தை இரண்டு குறடுகளால் பக்கவாட்டில் திருகித் திறக்க வேண்டும். அகலமாக இழுத்தால் மறுபடி வட்டமாகச் சேராது. பித்தளை மணியை மண்ணில் ஒட்ட எபாக்சி பசையே சரி, வெள்ளைப் பசை வியர்வையில் விட்டுவிடும். கழுத்துக் கயிற்றுக்குப் பருத்திக் கயிற்றின்மேல் சுங்குடித் துண்டைச் சுற்றித் தைத்தால் செம்மண் நிறத்துக்கு அழகாக எடுக்கும், கழுத்தையும் உறுத்தாது.

தேர்வு நாளில் செய்ததை அன்றே சுட முடியாது. சுட்ட உருப்படிகளையும் 10 செ.மீ. சோதனைப் பட்டையையும் முன்பே தயார் செய்து கையோடு கொண்டுபோங்கள். ஜிமிக்கி மட்டும் மூன்றாகச் சுடுங்கள். சேரும் இரண்டைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.