கை வரவில்லை

ஜூலை 3
போர்ட்ஃபோலியோவுக்கான, அதாவது ஓவியத் தொகுப்புக்கான, பட்டியல் வந்துவிட்டது. சுய உருவப்படம் கட்டாயமாம். சார்கோலில், அதாவது கரித்துண்டால், ஒரு கையாவது தெரிய வேண்டுமாம். முகம் மட்டும் என்றால் எப்படியாவது ஒப்பேற்றலாம். கை என்றதும் வகுப்பே முனகியது.

ஜூலை 4
வலது கையால் வரையும்போது இடது கைதான் அசையாமல் உட்கார வேண்டும். கண்ணாடியில் அது வலது கையாகத் தெரிகிறது. யோசித்தால் தலை சுற்றுகிறது. யோசிக்காமல் வரை என்கிறார் சார்.

ஜூலை 8
இதை எழுதியே ஆக வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடி மேலேயே மார்க்கரால் என் தலையைச் சுற்றிக் கோடு போட்டேன். ஸ்கேல் வைத்தால், நிஜத் தலையில் பாதி உயரம்தான்! தள்ளி நின்றால் மாறும் என்று சுவர்வரை பின்னால் போனேன். அங்கிருந்து பார்த்தாலும் தலை அதே கோட்டுக்குள் கச்சிதமாக அடங்குகிறது. நான் எவ்வளவு தள்ளிப் போனாலும் என் பிம்பமும் அவ்வளவு உள்ளே போகிறது; கண்ணாடி எப்போதும் நட்டநடுவில். அதனால்தான் எங்கே நின்றாலும் பாதி. தினமும் பார்க்கிற முகம், ஒருநாள்கூட சின்னதாகத் தோன்றியதில்லையே?

மார்க்கரை யார் துடைப்பது என்று அம்மா கேட்டார்.

ஜூலை 9
துடைத்தாயிற்று.

ஜூலை 13
உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண்கள். வகுப்பில் எல்லாருக்கும் இது மனப்பாடம். ஆனாலும் பென்சிலை எடுத்தால் கண் மேலே ஏறிக்கொள்கிறது, நெற்றி காணாமல் போகிறது. பேச்சு, சிரிப்பு, கோபம் எல்லாம் கண்ணிலும் அதற்குக் கீழேயும் நடப்பதால், மேல்பாதியை மூளை சும்மா கிடக்கும் இடமாக நினைக்கிறதோ என்னவோ. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இமைமுடி மாதிரி விவரமெல்லாம் போய், இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் கொஞ்சம் அடங்குகிறது.

ஜூலை 14
கை வரவில்லை.

ஜூலை 17
நூலகத்தில் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் கிடைத்தார். 1484-இல் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்திருக்கிறார். வயது 13. என்னைவிடச் சின்னப் பையன். அதுவும் வெள்ளி முனையில்! பூச்சு பூசிய தாளில் வெள்ளிக் கம்பியால் கீறும் முறை அது. அழிக்க முடியாது. எவ்வளவு அழுத்தினாலும் கோடு கருக்காது. நிழல் வேண்டுமென்றால் கோட்டுக்குப் பக்கத்தில் கோடாக அடுக்க வேண்டியதுதான். என் ரப்பரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஆனால் ஒன்று கவனித்தேன். ஒரு கை விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது, மற்றது சட்டைக்கைக்குள் ஒளிந்திருக்கிறது. அற்ப சந்தோஷம். பக்கத்தைத் திருப்பினால், அதே ஆள் 1508-இல் நீலத் தாளில் வரைந்த கூப்பிய கைகள். நரம்பு நரம்பாக. சந்தோஷம் போச்சு.

ஜூலை 18
அப்பா படிவத்தைப் பற்றி மறுபடியும் கேட்டார். 'ம்' என்றேன்.

ஜூலை 22
விரல்களை விட்டுவிட்டேன்! விரல்களுக்கு நடுவே இருக்கும் காலி இடங்களை மட்டும் வரைந்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கோணல் முக்கோணம். அதன் ஒரு பக்கம் நான் நினைத்ததைவிடக் கீழே இறங்கியது. பார்த்தால், கட்டைவிரல் உள்ளங்கை ஓரத்தில் ஒட்டவைத்த மாதிரி இல்லை, மணிக்கட்டிலிருந்தே கிளம்புகிறது. இது என் கைதான். இத்தனை நாள் நான் வரைந்தது ரப்பர் கையுறை.

இரவு சாப்பிடும்போதும் எல்லார் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முறைத்தாள்.

ஜூலை 24
படத்தோடு 'கலைஞர் குறிப்பு' ஒன்றும் எழுத வேண்டுமாம். வகுப்பில் பாதிப் பேர் 'அடையாளத்தின் தேடல்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். யார் எதைத் தொலைத்தார்கள்? நான் கட்டைவிரலைப் பற்றி எழுதப்போகிறேன். மதிப்பெண் போனால் போகட்டும்.

ஜூலை 25
போகக்கூடாது. இன்னொரு தடவை எழுதினேன். கட்டைவிரல் இருக்கிறது, ஆனால் இரண்டாவது பத்தியில்.

ஜூலை 27
படிவம் இன்னும் மேஜையில்தான். அப்பா அதைப் பார்க்காத மாதிரி நாளிதழ் படிக்கிறார்.

ஜூலை 29
சார் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காது மேலே ஏறியிருக்கிறதாம். புருவத்துக்கும் மூக்கு நுனிக்கும் நடுவில் நிற்க வேண்டியது அது. நல்லவேளை, கரி உதிராமல் ஒட்டவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் இன்னும் அடிக்கவில்லை.