ஒரு கையில் தூக்கு, மறு கையில் ஹேண்டில்

பள்ளி நினைவு மலருக்குப் படித்த காலத்தைப் பற்றி எழுதச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது வகுப்பறை அல்ல, சைக்கிள் கொட்டகைதான். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாதிப் படிப்பு சைக்கிளில்தான் நடந்தது.

1970-களில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அப்புறம் டவுனில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மொழி பழக ஓராண்டு புதுமுக வகுப்பு, அதன் பிறகுதான் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்று. எங்களுக்கு மத்தியானப் பள்ளி. அதனால் காலையில் பால்வெட்டில், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் வேலையில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பசியாறக் கொண்டுபோவது என் வேலை. தூக்குச் சட்டியை ஹேண்டிலில் மாட்டினால் செம்மண் சாலையில் அது ஆடி ஆடி, பாதிக் கோப்பி சிந்திவிடும். கேரியரில் கட்டினாலும் சாயும். கையில் பிடித்தால்தான் குழிக்குத் தக்கபடி கை வளைந்து கொடுக்கும்.

சொல்லிக் கொடுத்தது அக்கா. அவள் அப்போதே பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். கேரியரின் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மர வரிசையான நிரையிலிருந்து பால் சேர்க்கும் ஸ்டோருக்கு ஓட்டி வருபவள். எனக்கோ பாருக்குள் கால் விட்டு ஓட்டும் வயது அப்போதுதான் தாண்டியிருந்தது.

"சோத்துக்கையில தூக்கப் புடி. பீச்சாங்கையில ஹேண்டில்" என்றாள்.

எனக்கு வலது கைதான் பலம், அதில் ஹேண்டிலைப் பிடிக்கிறேனே என்றேன்.

"பின் பிரேக்கு எந்தப் பக்கம்டா இருக்கு?"

இடது பக்கம். அந்தக் காலத்து இங்கிலீஷ் சைக்கிள்களில் வலது பிடி முன் சக்கரத்துக்கு. இறக்கத்தில் அதை மட்டும் அழுத்திப் பிடித்தால் தலைகுப்புறத்தான். இதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்த பாடம், எழுந்து நின்று மிதிக்காதே. நின்று மிதித்தால் பிடித்திருக்கும் கை ஹேண்டிலைத் தன் பக்கம் இழுக்கும், சைக்கிள் கோணும். சீட்டில் உட்கார்ந்து ஒரே சீராக மிதிக்க வேண்டும். வேகம் குறையக் குறைய ஆட்டம் கூடும். மேடு வந்தால் இறங்கித் தள்ளு, அதில் வெட்கம் இல்லை.

பள்ளி விட்டு வரும்போது மழை பிடித்துக்கொள்ளும். இப்போது தூக்குக்குப் பதில் குடை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வராத காலம். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போகிற லாரி எல்லாம் டவுன் வழியாகத்தான். லாரிக் காற்று குடையைப் பிடுங்கிவிடும் என்பதால், சத்தம் கேட்டதும் மடக்கி, போனதும் விரிப்போம். தோட்டத்துச் சாலைக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். கை காட்டும் வேலையையும் அந்தக் குடையே செய்யும்.

பள்ளித் திடலில் ஒருநாள் சாலைப் பாதுகாப்புப் பாடம். வலது கையை நீட்டியபடி வளைவில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். டவுன் பிள்ளைகள் கையை எடுத்ததும் தடுமாறி, சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டே திடலைச் சுற்றி வந்தோம். "போதும், கையைக் கீழே போடுங்கடா" என்று சார் கத்தும்வரை யாரும் போடவில்லை.