மாப்பசையில பின்னணித் தாள்

சித்திரக் கொப்பிக்குப் பின்னணித் தாள் கடையில தேடவேண்டாம், கோதுமை மா போதும். 4 மேசைக்கரண்டி மாவை அரைக் கோப்பை பச்சைத்தண்ணியில கட்டியில்லாமல் கரைச்சு, கொதிக்கிற ஒன்றரைக் கோப்பை தண்ணிக்குள்ள விட்டு, மெல்லிய நெருப்பில துழாவுங்கோ. மா வெள்ளை மாறி மினுங்கத் தொடங்கினால் இறக்கலாம். ஆறினதும் கூழ்ப் பதம். துணியில வடியுங்கோ, இல்லாட்டில் ஒவ்வொரு கட்டியும் தாளில கீறல் போடும்.

அரைக் கோப்பை பசைக்கு போஸ்டர் கலர் 2 தேக்கரண்டி. தாளை முதல்ல ஈரப் பஞ்சால ரெண்டு பக்கமும் துடைக்கவேணும். காய்ஞ்ச தாள் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சுச் சுருளும். நிறம் கலந்த பசையைத் தாளில பூசின கையோட சீப்பால, ஈர்க்கால கோடு இழுங்கோ. பனை ஈர்க்கு முனையைக் கொஞ்சம் நசுக்கினால் ஒரே இழுவையில நாலைஞ்சு மயிர்க்கோடு விழும், கடைச் சீப்பில அது வராது.

வன்னியில கச்சான் எண்ட வறண்ட காத்து அடிக்கிற நாளெண்டால் யன்னலைச் சாத்திப்போட்டுச் செய்யுங்கோ. கோடு இழுக்க முதலே மேற்பசை இறுகிப்போகும். இறுகினால் தண்ணி தெளிக்காதேங்கோ, திட்டுத்திட்டாகும். மேல இன்னொரு பூச்சுப் பசைதான் வழி.

காய்ஞ்ச பிறகு பின்பக்கமா மெல்லிய சூட்டில அயன் பண்ணுங்கோ. மிச்சப் பசை மறுநாளே புளிக்கும்.