இரண்டு ஏஏ செல்லில் ஒயர்லெஸ் மோஷன் சென்சார்: செய்து பார்த்த குறிப்புகள்

வராந்தாவில் ஆள் நடமாட்டம் இருந்தால் உள்ளே இருக்கும் ரிசீவருக்குத் தகவல் போக வேண்டும். ஒயர் இழுக்கக் கூடாது, சார்ஜ் போடும் வேலை இருக்கக் கூடாது, இரண்டு வருஷத்துக்காவது செல் மாற்ற ஏணி எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் தேவை.

பாகம் வாங்கும் முன் கணக்கு. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். இடைவிடாமல் ஓடும் ஒவ்வொரு மைக்ரோஆம்பும் வருஷத்துக்கு 8.76 எம்ஏஎச் (மில்லிஆம்ப்-மணி, செல்லின் கொள்ளளவு) தின்னும். அல்கலைன் ஏஏ செல்லில் 2,000 எம்ஏஎச் கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், 10 மைக்ரோஆம்பில் ஓடும் சர்க்யூட் வருஷத்துக்கு 88 எம்ஏஎச்தான் எடுக்கும். அதற்குக் கீழே எவ்வளவு மிச்சம் பிடித்தாலும், சர்க்யூட் தீர்ப்பதற்கு முன்பே செல் தன் வயசில் போய்விடும். ஆகவே இலக்கு 10 மைக்ரோஆம்ப். நானோஆம்பைத் துரத்துவதில் பிரயோஜனம் இல்லை.

முதலில் கணக்கில் விழுந்தது வைஃபை சிப்பான இஎஸ்பி8266. ஆழ்ந்த தூக்கத்தில் சிப் 20 மைக்ரோஆம்ப்தான். ஆனால் எழுந்து வைஃபையில் சேர்ந்து தகவல் அனுப்ப 4 நொடி, சராசரி 70 மில்லிஆம்ப் என்றால் ஒரு தடவைக்கு 0.078 எம்ஏஎச். நாளைக்கு 100 தடவை என்றால் 7.8 எம்ஏஎச், எட்டரை மாசத்தில் செல் காலி. ஐபி முகவரியை நிலையாகக் கொடுத்து, சேனலையும் நினைவில் வைத்தால் நேரம் நன்றாகக் குறையும். ஆனாலும் இறங்கிக்கொண்டே போகும் இரண்டு ஏஏ செல்லின் வோல்டேஜ் அதற்குப் போதாது. வேறு வழி பார்த்தாயிற்று.

முடிவான கூட்டணி: 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் புரோ மினி (சிறிய ஆர்டுயினோ போர்டு), என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ, பானாசோனிக் ஈகேஎம்பி வரிசையில் 1 மைக்ரோஆம்ப் பிஐஆர் (உடம்புச் சூட்டின் அசைவை உணரும் சென்சார்). ரேடியோ தூக்கத்தில் (பவர்-டவுன்) 0.9 மைக்ரோஆம்ப், அனுப்பும்போது 11.3 மில்லிஆம்ப். வேலை செய்யும் வோல்டேஜ் ரேடியோவுக்கு 1.9 முதல் 3.6, பிஐஆருக்கு 2.3 முதல் 4.0. வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரே வேண்டாம், செல்லிலிருந்து நேரடி சப்ளை.

பிஐஆர் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் மாட்டிக்கொள்வோம். எங்கும் கிடைக்கும் எச்.சி.-எஸ்ஆர்501 சும்மா இருக்கும்போதே 50 மைக்ரோஆம்ப் அளவில் இழுக்கும், சப்ளையும் 4.5 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். ஏஎம்312 பரவாயில்லை, 15 மைக்ரோஆம்ப் வாக்கில். ஆனால் குறைந்தது 2.7 வோல்ட் வேண்டும். இரண்டு செல் அந்த அளவுக்கு இறங்கும்போது உள்ளே இன்னும் நிறைய சரக்கு மிச்சம் இருக்கும். ஏஎம்312தான் கையில் இருக்கிறது என்றால் மூன்று செல் போட்டு, பிஐஆரை நேரடியாகவும் மற்றதை எம்சிபி1700 ரெகுலேட்டர் வழியாகவும் ஓட்டலாம். அந்த ரெகுலேட்டர் தனக்கென்று எடுப்பது 1.6 மைக்ரோஆம்ப்தான்.

அடுத்தது புரோ மினிக்கு அறுவை சிகிச்சை. பவர் எல்இடி மட்டுமே ஒன்றிரண்டு மில்லிஆம்ப் எடுக்கும். அதன் ரெசிஸ்டரைச் சூடான சால்டரிங் அயர்ன் முனையால் தள்ளிவிட்டால் போதும். ரெகுலேட்டரைத் தவிர்க்கும் விசிசி பின்னில் நேரடியாக சப்ளை கொடுத்தாலும், போர்டில் இருக்கும் ரெகுலேட்டர் பின்வழியாகக் கசியும். எல்இடியை எடுத்தபின் தூக்கத்தில் 50க்கு மேல் நின்ற மைக்ரோஆம்ப், ரெகுலேட்டரையும் கழற்றியதும் நாலு சொச்சத்துக்கு வந்தது. அந்த நாலும், தூங்கும் சிப்பை அவ்வப்போது எழுப்பும் வாட்ச்டாக் டைமருடையது.

எந்த வோல்ட்டுக்குக் கீழே போனால் சிப் ரீசெட் ஆக வேண்டும் என்று சொல்லும் அமைப்பான பிரவுன்-அவுட் ஃபியூஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த போர்டில் அது 2.7 வோல்ட்டில் இருக்கும். செல் பாதியில் இருக்கும்போதே சிப் ரீசெட் ஆகத் தொடங்கும். யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் வைத்து 1.8க்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது ரேடியோ மாட்யூல் சாக்கெட்டில் இருக்கக் கூடாது. புரோகிராமர் 5 வோல்ட் கொடுக்கும், ரேடியோ 3.6க்கு மேல் தாங்காது. தூங்கப் போகுமுன் ஏடிசியை (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) அணைப்பது, பிரவுன்-அவுட்டைத் தூக்கத்தில் நிறுத்துவது, சும்மா இருக்கும் பின்களை உள் புல்-அப்பில் (சப்ளைப் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) வைப்பது, இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் மீட்டர் காட்டிக்கொடுக்கும்.

மீட்டரில்தான் பெரிய குழப்பம். மைக்ரோஆம்ப் ரேஞ்சில் போட்டால், ரேடியோ எழும்பும் நொடியில் மீட்டருக்குள்ளேயே வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகும். மறுபடி பூட், மறுபடி ரீசெட். இதற்கு எளிய வழி: செல்லுக்கும் போர்டுக்கும் நடுவில் 1 கிலோஓம் ரெசிஸ்டர், அதற்குக் குறுக்கே ஒரு ஸ்விட்ச். ஸ்விட்சை ஆன் செய்து பூட் ஆகவிட்டு, தூங்கியதும் ஆஃப் செய்து, ரெசிஸ்டரின் இரு முனையில் மில்லிவோல்ட் பார்க்க வேண்டும். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோஆம்ப். கணக்குப்படி வாட்ச்டாக் 4.2, பிஐஆர் 1, ரேடியோ 0.9, ஆக 6 சொச்சம் வர வேண்டும். முதலில் 12 காட்டியது. உபரி ஆறுக்குக் காரணம் சப்ளையில் போட்ட 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக். நாள்பட்டு டப்பாவில் கிடந்த கெபாசிட்டர் ஆரம்பத்தில் அதிகம் கசியும். சில மணி நேரம் வோல்டேஜில் விட்டபின் 7க்கு இறங்கியது. மீட்டரில் முதல் நிமிஷம் வரும் எண்ணை நம்பக் கூடாது.

பிஐஆரின் அவுட்புட், ஆள் இல்லாதபோது அந்தரத்தில் நிற்கும். கிரவுண்டுக்கு இழுத்துப் பிடிக்க ஒரு புல்-டவுன் ரெசிஸ்டர் கட்டாயம். அவுட்புட் தரக்கூடியது 100 மைக்ரோஆம்ப்தான் என்பதால் 10 கிலோஓம் போட்டால் சரியாக எழாது. 1 மெகாஓம் போட்டிருக்கிறது. பவர் கொடுத்தபின் சென்சார் நிலைப்பட 210 நொடி வரை ஆகலாம். முதல் நாலு நிமிஷத்துச் சிக்னலைப் புரோகிராமே தள்ளிவிடுகிறது.

ரேடியோ வேகம் 250 கேபிபிஎஸ் (நொடிக்கு 250 கிலோபிட்), 6 பைட் பேக்கெட், சேனல் 80, அதாவது 2,480 மெகாஹெர்ட்ஸ். வைஃபையின் 11ஆம் சேனலுக்கு மேலே, ஆனால் உரிமம் தேவையில்லாத 2,483.5 எல்லைக்குள். 108, 115 என்று வைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. அது அந்த எல்லைக்கு வெளியே. ஒரு தடவை அனுப்ப 15 மில்லிஆம்பில் 20 மில்லிநொடி என்று தாராளமாக வைத்தாலும், நாளைக்கு 200 தடவைக்கு ஆகும் செலவு, தொடர்ந்து ஓடும் 0.7 மைக்ரோஆம்புக்குச் சமம். பயப்பட ஒன்றுமில்லை.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரு தகவல். 8 நொடி வாட்ச்டாக்கை 2,700 தடவை எண்ண வேண்டும். சிக்கனம் என்று வாட்ச்டாக்கை எடுத்துவிட்டால், ஆள் வரவில்லையா செல் செத்ததா என்று தெரியாது. நாலு மைக்ரோஆம்ப் அதற்குத் தகும். செல் வோல்டேஜும் அதே தகவலில் போகிறது. சிப்பின் உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை வைத்தே அளப்பதால் வெளியே வோல்டேஜைக் குறைத்துத் தரும் டிவைடர் வேண்டாம். ரெஃபரன்ஸ் 1.0 முதல் 1.2 வரை சிப்புக்குச் சிப் மாறும்; ஒரு தடவை மீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். 8 மெகாஹெர்ட்ஸில் சிப்புக்கு 2.4 வோல்ட் வேண்டும் என்பதால் 2.5ல் எச்சரிக்கை.

அனுப்பியவுடனே மறுபடி ‘ஆள்’ என்று காட்டியது அடுத்த தலைவலி. ரேடியோ எழும்பும்போது சப்ளை ஆடுவதும், ஆன்டெனா பிஐஆரை ஒட்டி இருப்பதும் காரணம். பிஐஆர் சப்ளையில் 1 கிலோஓம், அதன்பின் 10 மைக்ரோஃபாரட் செராமிக்; ஆன்டெனா பெட்டியின் மறுமுனைக்கு; அனுப்பியபின் ஒரு நிமிஷம் பிஐஆர் சிப்பை எழுப்பும் இன்டரப்டை அணைத்துவைப்பது. மூன்றும் சேர்ந்தபின்தான் அடங்கியது.

பெட்டிக்குச் சாதாரண பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ். லென்ஸுக்கு முன்னால் கண்ணாடியோ அக்ரிலிக்கோ வைத்தால் உடம்புச் சூடு ஊடுருவாது. லென்ஸ் வெளியே தெரிய வேண்டும். நேரே சென்சாரை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே போகிறவரைத்தான் பிஐஆர் சீக்கிரம் பிடிக்கும், அதனால் வாசலுக்கு எதிரே வைக்காமல் பக்கச் சுவரில். மே மாசம் சுவரே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும் மதியங்களில் தூரம் குறையும். அதற்குப் பரிகாரம் இல்லை.

பாக்கி இருப்பது பல்லி. லென்ஸ் மேல் ஊர்ந்தால் இரவில் ‘ஆள்’ என்று தகவல் வருகிறது. 20 நொடிக்குள் இரண்டு பல்ஸ் வந்தால்தான் அனுப்புவது என்று மாற்றியதில் பாதி குறைந்திருக்கிறது. மீதிக்கு லென்ஸைச் சுற்றி 3 சென்டிமீட்டர் பிவிசி பைப் துண்டு ஒட்டி, பார்வைக் கோணம் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும்.