‘வ’ என்ற ஓர் எழுத்து: ஊர்க் கணக்கைப் படியெடுத்த 14 மாதம்

போன வாரம்தான் பசலி 1334 என்ற வரிக் கணக்கு ஆண்டின் கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகை என் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போனது. ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. இதே பக்கத்தை ஆறு மாதத்துக்கு முன்னால் ‘முடிந்தது’ என்று எழுதி மூடி வைத்திருந்தேன். அதில் பாதிக்குப் பாதி தப்பு. பழைய வரிக் கணக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொள்ளிடக்கரையில் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவும் அவர் மகனும் அங்கே கர்ணமாக, அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளையாக இருந்தவர்கள். 1980-இல் கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒழித்தபோது சர்க்கார் கணக்குகளை எல்லாம் ஒப்படைத்துவிட்டார்கள். தங்களுக்கென்று பார்த்து எழுதி வைத்துக்கொண்ட நகல் நோட்டுகள் மட்டும் பரணில் தங்கிவிட்டன. இரண்டு கட்டு. ஒன்று பசலி 1290-களைச் சேர்ந்தது, மற்றது 1320-களும் 30-களும். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன தீர்வை (நிலவரி), எந்தத் தேதியில் எவ்வளவு கிஸ்து (வரித் தவணை) கட்டினார்கள், எவ்வளவு பாக்கி என்று ஊர் முழுக்க அதில் இருக்கிறது. ஏட்டில் பெயர் ஏறாத குத்தகைக்காரர்களும் கூலிக்காரர்களும் மட்டும்தான் இல்லை.

பிரித்து, துடைத்து, படம் எடுத்ததில் பெரிய சிரமம் இல்லை. ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். கிழிந்த தாளில் தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள். இருபது வருடம் முன்பு சொந்தக்காரர் ஒருவர் நல்ல எண்ணத்தில் ஒட்டி வைத்தார். பசை பழுப்பேறி, டேப்பை எடுத்தால் எழுத்தும் கூடவே வருகிறது. இராமபாணப் பூச்சி தின்றது போக மிஞ்சியதில் நான் இழந்தது எல்லாம் அந்த டேப்புக்கு அடியில் போனதுதான். வெயிலில் காய வைப்பதும் வேண்டாம், தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். படம் எடுக்கும்போது விளக்கை நேரே மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். மங்கிப்போன மையில் பேனா பதிந்த தடம் தெரியும்.

அப்புறம் தட்டச்சு. முதல் அடி அங்கேதான் விழுந்தது. 1957 ஏப்ரலுக்கு முன்னால் நயா பைசா கிடையாது, ரூபாய்–அணா–பைதான். 5 ரூபாய் 7 அணா 3 பை என்பதை நோட்டில் இருக்கிற மாதிரியே 5-7-3 என்று எக்செலில் அடித்தேன். அது அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு 2003-ஆம் வருடத்துக்கு மாற்றிவிட்டது. நான் கவனிக்கவே இல்லை. மூன்று வாரம் அடித்த பிறகு கூட்டிப் பார்த்தால் ஐந்து இலக்கத்தில் அர்த்தமில்லாத எண்கள் வந்து நின்றன. மூலத்தைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். ரூபாய்க்கு ஒன்று, அணாவுக்கு ஒன்று, பைக்கு ஒன்று என்று மூன்று பத்தி வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது பத்தியில் எல்லாவற்றையும் பையாக மாற்றுங்கள். அணாவுக்கு 12 பை, ரூபாய்க்கு 192 பை. 5-7-3 என்றால் 1047 பை. கூட்டல் கழித்தல் எல்லாம் அந்தப் பத்தியில் மட்டும்.

இரண்டாவது அடி பசலி. பசலியோடு 590-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருடம் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் கூட்டினேன். ஆனால் பசலி ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிகிறது. ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் 591 கூட்ட வேண்டும். எங்கள் பக்கம் அறுப்பு முடிந்து தை பிறந்த பிறகுதான் கையில் காசு வரும், கிஸ்தும் அப்போதுதான் நடக்கும். அதனால் வசூல் பதிவுகள் அநேகமாக எல்லாமே 591 பக்கத்தில் விழுகிறவை. அத்தனைக்கும் ஒரு வருடம் குறைத்துத் தேதி போட்டிருந்தேன். காட்டிக் கொடுத்தது தமிழ் வருடப் பெயர். பசலி 1334-இல் ‘குரோதன வைகாசி’ என்று ஒரு பதிவு. நான் அதற்கு 1924 மே என்று போட்டிருந்தேன். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் 1924 ரத்தாட்சி, குரோதன 1925. இப்போது ஒவ்வொரு வரியிலும் பசலி, தமிழ் வருடம், இங்கிலீஷ் தேதி மூன்றையும் எழுதுகிறேன். ஒன்று தப்பினால் மற்ற இரண்டும் இழுத்துப் பிடிக்கும்.

பழைய கட்டில் எண்களும் தமிழ் எண்கள். க, உ, ரு, எ, அ என்று எழுத்தைப் போலவே இருப்பதால் வரும் குழப்பம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது வேறு. ஒரே நோட்டில் 254 என்பது ஓரிடத்தில் ௨௱௫௰௪ என்றும், இரண்டு பக்கம் தள்ளி ௨௫௪ என்றும் இருக்கும். ௰௨ என்றால் 12, ௨௰ என்றால் 20. அவசரத்தில் மாறிப் போகும். நான் மாற்றியிருந்தேன்.

நில அளவில் இன்னொரு கண்ணி உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் வேலிக்கு 20 மா, மாவுக்கு 100 குழி. மா என்ற பின்னமும் இருபதில் ஒன்றுதான், அதனால் அங்கே வம்பில்லை. ‘காணி’ என்று வந்தபோது சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் வழங்கும் காணி என்று நினைத்து 1.32 ஏக்கர் போட்டுவிட்டேன். இந்த நோட்டில் காணி என்பது பின்னம், எண்பதில் ஒன்று. வேலியில் எண்பதில் ஒன்று என்றால் கால் மா, 25 குழி, சுமார் எட்டு சென்ட். பதினாறு மடங்கு வித்தியாசம்! ஊரின் மொத்த நிலத்தைவிட என் பட்டியல் நிலம் பெரிதாக வந்தபோதுதான் விழித்தேன். பின்னக் குறிகளைத் தட்டச்சு செய்ய 2019-இல் யூனிகோடில் தனிப் பகுதியே வந்துவிட்டது. ஆனால் பல கணினிகளில் எழுத்துரு இல்லாமல் வெறும் கட்டமாகத் தெரிகிறது. அதனால் குறியையும் போட்டு, பக்கத்தில் ‘காணி’, ‘அரைக்கால்’, ‘வீசம்’ என்று சொல்லாகவும் எழுதிவிடுங்கள்.

சரி, அலுவலகக் கதைக்கு வருகிறேன். பழைய கட்டில் நிலங்களுக்கு இருப்பது பைமாஷ் எண். சர்வே வருவதற்கு முந்தைய எண் அது. எந்த நிலம் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பைமாஷ் எண்ணுக்கு நேரான சர்வே எண் வேண்டும். பதிவறை இருக்கிற ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். முதல் தடவை, சம்பந்தப்பட்டவர் ஜமாபந்தி வேலையாகப் போயிருந்தார். இரண்டாவது தடவை அவர் இருந்தார். மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, “சர்வே நம்பர் போடலையே மேடம்” என்றார்.

“சர்வே நம்பர் தெரியத்தான் சார் வந்திருக்கேன். பைமாஷ் நம்பர் இருக்கு.”

“சர்வே நம்பர் இல்லாம ரெக்கார்டு எடுக்க முடியாது.”

இதையே நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பதில் மாறவில்லை. அவர் கோபமாகப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த எண்ணைப் பார்க்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்பதைக் காதில் வாங்கவே இல்லை. மூன்றாவது தடவை போனபோது, அதெல்லாம் பழசு, கழித்துவிட்டோம் என்றார். ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் லீவு போட்டுப் போனவள் நான். அன்றைக்கு வாசல் படியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெளியே மரத்தடியில் பத்திரம் எழுதுகிற பெரியவர் ஒருவர் கூப்பிட்டு விசாரித்தார். கேட்டுவிட்டு, “பைமாஷ்னு சொல்லாதீங்கம்மா, இப்ப இருக்கறவங்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. ஊர்ப் பேரைப் போட்டு, பழைய செட்டில்மென்ட் ரிஜிஸ்டர் நகல் வேணும்னு எழுதுங்க. அதுல பழைய நம்பருக்குத் தனியா ஒரு பத்தி இருக்கும்” என்றார். அங்கேயே உட்கார்ந்து மனுவைத் திருத்தி எழுதினேன். ஐந்து வாரத்தில் நகல் கையில் கிடைத்தது. ‘கழித்துவிட்ட’ பதிவேடு பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. பழைய எண், புதிய எண், நஞ்சை புஞ்சை, தரம், தீர்வை எல்லாம் வரிசையாக. உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை மனுவில் எழுதாதீர்கள். அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறதோ அதன் பெயரை எழுதுங்கள்.

இனி ‘வ’. 1924 ஜூலையில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெரிய வெள்ளம் பசலி 1334-இன் முதல் மாதத்தில் விழுகிறது. அந்த வருட நோட்டை நான் ஆவலோடுதான் எடுத்தேன். பெயருக்கு நேரே தொகை, தொகைக்குப் பக்கத்தில் பல வரிகளில் ‘வ’ என்று ஒற்றை எழுத்து. வரவு என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளம் வந்த வருடத்திலும் ஊரில் அநேகமாக எல்லோரும் தீர்வையைக் கட்டிவிட்டார்கள் என்று ஆச்சரியத்தோடு குறிப்பு எழுதினேன். தெருக்கோடி வீட்டு மாமாவிடம் போய், “உங்க தாத்தா வெள்ளத்து வருஷத்துலகூட பாக்கி வைக்கலை மாமா” என்று சொல்லிவிட்டும் வந்தேன். அவர் அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு பக்கத்தில் நான் வரவு என்று போட்டதன் கூட்டுத்தொகை 412-9-4. அடியில் நோட்டு காட்டுகிற தண்டல் (வசூல்) மொத்தம் 187-3-10. கர்ணம் கூட்டலில் பிசகியிருக்கிறார் என்று ஓரத்தில் எழுதினேன். அடுத்த பக்கத்திலும் அப்படியே இருந்தது, அங்கும் அதையே எழுதினேன். முப்பது வருடம் பை பிசகாமல் கணக்கு எழுதியவரைப் பற்றி அப்படி எழுத எனக்கு எப்படி மனது வந்தது என்று இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

பக்கத்து ஊரில் ஒரு முன்னாள் கர்ணம் இருக்கிறார். எண்பது வயது தாண்டியவர். ௸ என்ற குறியைக் கேட்கத்தான் அவரிடம் போனேன். “ஷைன்னு வாசிப்போம்மா. மேற்படின்னு அர்த்தம்” என்றார். அப்படியே 1334-ஐப் புரட்டியவர் ‘வ’ வரிகளில் விரலை வைத்து, “பாவம், வெள்ளம் எவ்வளவு நிலத்தை அடிச்சிருக்கு” என்றார். எனக்குப் புரியவில்லை. வரவுதானே ஐயா என்றேன்.

“வரவுக்குத்தான் தனிக் குறி இருக்கே. இதோ பாருங்க” என்று முந்தைய பக்கத்தில் ௷ என்றிருந்ததைக் காட்டினார். “குறி இருக்கும்போது எதுக்கு எழுத்துல எழுதறார்? இது வஜாம்மா. சர்க்கார் தள்ளுபடி. நிலத்துல மணல் மேடிட்டுப் போச்சுன்னா தீர்வையை வஜா பண்ணுவாங்க.”

வீட்டுக்கு வந்து ‘வ’ போட்ட வரிகளை மட்டும் தனியாகக் கூட்டினேன். 225-5-6. தண்டல் 187-3-10-ஐயும் சேர்த்தால் 412-9-4. ஒரு பை கூடக் குறையவில்லை. அந்தப் பசலியில் மட்டும் 213 வரி தப்பு. அந்த வரிகளில் கட்டினார்கள் என்று நான் எழுதிய அத்தனை பேரும், விளைந்த நிலம் மணலுக்குள் போனதால் கட்ட வழியில்லாமல் நின்றவர்கள். ஓரத்தில் நான் எழுதிய ‘பிசகு’களை ஒவ்வொன்றாக அழித்தேன்.

அதனால் சொல்கிறேன், முதல் பெயரிலிருந்து தட்டச்சைத் தொடங்காதீர்கள். பக்கத்தின் அடிக்குப் போங்கள். மொத்தம் எத்தனை வகையாகப் பிரிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே வாருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கூட்டி ஒத்துப்போன பிறகுதான் அடுத்த பக்கம். ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் வாசிப்பைச் சந்தேகியுங்கள். சுருக்கக் குறி எதையும் விரித்து எழுதாமல், இருக்கிறபடியே ஒரு பத்தியிலும் உங்கள் ஊகத்தை வேறு பத்தியிலும் வையுங்கள். நான் ‘வ’ என்றே ஒரு பத்தியில் விட்டிருந்தால் திருத்துவது ஒரு நாள் வேலை. ‘வரவு’ என்று விரித்து எழுதியதால் எது ௷, எது ‘வ’ என்று மறுபடி மூலத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஏழு வாரம் ஆனது. கர்ணம் வேலை பார்த்தவர்கள் உங்கள் பக்கம் யாராவது இருந்தால் உடனே போய்ப் பாருங்கள். பதவி போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இருப்பவர்கள் மிகச் சிலர்.

ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடி மாமா வீட்டுக்குப் போனேன். நான் முன்பு சொன்னது தப்பு, உங்கள் தாத்தா அந்த வருடம் கட்டவில்லை, அவர் நிலம் மணல் மூடிக் கிடந்திருக்கிறது, தீர்வை வஜா ஆகியிருக்கிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எவ்வளவு என்று கேட்டார். 11 ரூபாய் 6 அணா என்றேன். எந்த நிலம் என்று கேட்டார். சர்வே எண்ணைச் சொன்னேன். “அந்தக் கொல்லையில இன்னும் ரெண்டு அடி தோண்டினா மணல்தாம்மா வருது” என்றார்.